மிஞ்சிய மருந்து புழுவுக்கு

நாலாவது தூக்கம் கலைந்து புழுக்கள் எழுந்த அன்று காலையில், வீட்டுக்காரர் எழுந்திருக்கவில்லை.

பட்டுப்புழு தன் ஆயுளில் நாலு முறை தூங்கும். தலையைத் தூக்கி வைத்துக்கொண்டு, பேச வந்ததை மறந்துவிட்ட ஆள் போல அசையாமல் கிடக்கும். பிறகு பழைய தோலை உரித்துப் போட்டுவிட்டு எழும். நாலாவது முறை எழுகிற புழுவுக்கு வருகிற பசி இருக்கிறதே, அது வேறு பசி. அதுவரை தின்றதெல்லாம் கொறிப்பு. சாப்பாடு இனிமேல்தான். கூடு கட்டப் போகும்வரை ஒரு வாரத்துக்கு நேரம் தவறாமல் மல்பெரி இலையை வெட்டி வெட்டிப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அந்த வாரத்தில் அந்தத் தெருவில் யாரும் யார் வீட்டுக்கும் விருந்தாளியாகப் போவதில்லை. துக்கத்துக்குப் போனால்கூட வாசலோடு தலையைக் காட்டிவிட்டுத் திரும்பிவிடுவார்கள்.

"என்னங்க, புழு எழுந்திரிச்சிடுச்சு. இலை வெட்டப் போகணும்" என்று அவள் கதவோரம் நின்று கூப்பிட்டாள்.

"நீ முன்னால போ. நான் வரேன்" என்று போர்வைக்குள்ளிருந்து குரல் வந்தது.

அவளைத் தெருவில் புழுக்காரி என்பார்கள். எல்லா வீடும் புழு வளர்க்கிற தெருவில் இவளுக்கு மட்டும் ஏன் அந்தப் பெயர் என்றால், அது கேலிப்பெயர். கல்யாணமாகி வந்த புதிதில், தட்டுத் தட்டாக நெளிகிறதைப் பார்த்துவிட்டு, சோற்றுத் தட்டைப் பார்த்தாலே குமட்டுகிறது என்று பட்டினி கிடந்தவள். இப்போது ஒரு கையால் புழுவை அள்ளி இடம் மாற்றிக்கொண்டே மறு கையால் ரொட்டி தின்பாள். பெயர் மட்டும் மாறவில்லை.

அவள் தோட்டத்துக்குப் போய் ஒற்றை ஆளாக இரண்டு கட்டு இலை வெட்டினாள். தலையில் சுமந்து வந்து கொட்டகையில் போட்டாள். வரிசை வரிசையாக அடுக்கியிருந்த தட்டுகளில் இலையைப் பரப்பினாள். புழுக்கள் மேலேறி வந்து தின்ன ஆரம்பித்தன. கூரை மேல் தூறல் விழுகிற மாதிரி சத்தம் எழுந்தது. அதற்கப்புறம்தான் புருஷன் வரவில்லை என்பது அவளுக்கு உறைத்தது. வரேன் என்றால் வந்துவிடுகிற மனிதர் அவர்.

உள்ளே போய்ப் போர்வையை விலக்கினாள். முதலில் வந்தது வாடை.

அந்த வாடை அவளுக்குத் தெரியும். புழு நோயில் விழுந்து, உடம்பு தொளதொளத்து, உள்ளே எல்லாம் கரைந்து கறுப்பாகிச் சாகும்போது கொட்டகையில் அடிக்கிற புளித்த வாடை. கொட்டகையில் அது வந்தால் அவளுக்கு எரிச்சல்தான் வரும். படுக்கையில் வந்தபோது போர்வையை முழுசாக இழுத்துக் கீழே போட்டாள். அவருடைய வலது கால், முழங்காலுக்குக் கீழே, தலையணை உறைக்குள் பஞ்சை அடைத்தது போல உப்பியிருந்தது. நடுவில் பழைய காயம் இருந்த இடம் பளபளவென்று இருந்தது.

"இது எப்பலேர்ந்து இப்படி இருக்கு?"

"முந்தாநாள் கொஞ்சம் கனமா இருந்துச்சு. கட்டு தூக்கின வலின்னு நெனச்சேன்."

"சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா என்ன பண்ணியிருப்ப? கழட்டித் துவைச்சுத் திரும்ப மாட்டியிருப்பியா?"

காய்ச்சல் கொதிக்கிற உடம்போடு அவர் சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே நடுக்கமாக மாறியது.

புழுக்கள் சின்னதாக இருந்தபோது பட்ட காயம் அது. இலை வெட்டுகிற அரிவாள் நழுவிக் காலில் இறங்கியது. பெரிய வெட்டு இல்லை. கொட்டகைத் தொட்டியில் கழுவித் துணியைச் சுற்றிக்கொண்டு, வேலையை முடித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தார். மறுநாள் சிவந்து காய்ச்சல் வந்ததும் டவுன் கிளினிக்குக்குப் போனார். அங்கே ஓர் அட்டை காப்ஸ்யூல் கொடுத்து, ஒன்று விடாமல் முடிக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். இரண்டே நாளில் வீக்கம் வடிந்தது. மிச்சம் கொட்டகைக்குப் போனது.

அந்தத் தெருவில் அது ஒரு வழக்கம். எந்த வீட்டில் யாருக்கு மாத்திரை மிஞ்சினாலும் அது புழுவுக்கு. கடைசி வாரத்தில்தான் புழுவுக்கு நோய் வரும். வந்துவிட்டால் கொட்டகை முழுக்க ஒரே மூச்சில் படுத்துவிடும். அதனால் வருவதற்கு முன்பே காப்ஸ்யூலைத் திறந்து, பொடியைக் கொட்டகைத் தொட்டித் தண்ணீரில் கலக்கி இலைமேல் தெளித்துவிடுவார்கள். யார் முதலில் செய்தார்கள் என்று தெரியாது. செய்த வருஷம் கூடு கனமாக வந்தது என்பது மட்டும் தெரியும். அதற்கப்புறம் தெருவில் யாரும் ஓர் அட்டையை முழுசாக முடித்ததில்லை. காது சீழ் பிடித்த குழந்தை, பல் பிடுங்கிக்கொண்டவர், பிள்ளை பெற்றவள், இருமுகிற மாமனார், எல்லோரும் காய்ச்சல் விட்டதும் நிறுத்திவிடுவார்கள். அதை யாரும் கஞ்சத்தனமாக நினைப்பதில்லை, பொறுப்பாகத்தான் நினைப்பார்கள். "எனக்குச் சரியாயிடுச்சு, மிச்சத்தைப் புழுவுக்கு எடுத்து வை" என்று சொல்கிற ஆளுக்கு வீட்டில் ஒரு மரியாதை கூடும்.

கொட்டகை உத்தரத்தில் ஒரு பழைய காப்பித்தூள் டப்பா இருந்தது. அவருடைய காப்ஸ்யூல்களை அதில் போட்டவர் அவர். மூன்றாம் தூக்கம் முடிந்ததும் எடுத்துக் கலக்கித் தெளித்தவள் அவள். அதைப் பற்றி இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. இதில் பேசுவதற்கு என்ன இருக்கிறது?

இரண்டு தெரு தள்ளி இருக்கிற நாத்தனாருக்கு ஆள் அனுப்பினாள். தையல்கடை வைத்திருக்கிறவள். கழுத்தில் டேப்போடு ஓடிவந்தாள். அண்ணன் காலைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அண்ணி, நான் அண்ணனோட ஆஸ்பத்திரிக்குப் போறேன். நீங்க புழுவைப் பாருங்க. எனக்கு இதெல்லாம் மறந்தே போச்சு."

"மறக்க இதுல என்ன இருக்கு? பசிக்கறவனுக்குச் சோறு போடற வேலைதான். இலை ஈரமா இருந்தா போடாத. வாடினது போடாத. புழு ஏதாவது தலை தொங்கிச் சாஞ்சு கிடந்தா எடுத்துச் சுண்ணாம்புச் சட்டியில போடு. யோசிக்காத, எடுத்துடு."

"நீங்களே இருந்தா நல்லது அண்ணி."

"அங்க டாக்டர் கேள்வி கேட்டா உங்க அண்ணன் ஜோக்கு சொல்லுவார். நான்தான் போகணும்."

அவள் சொன்னது சரியாகத்தான் இருந்தது.

ஆஸ்பத்திரி வார்டில் ஜன்னலோரக் கட்டில் கிடைத்தது. டாக்டரம்மா சின்ன வயசு. கண்ணுக்குக் கீழே கருவளையம். பேசிக்கொண்டே எழுதினாள், எழுதிக்கொண்டே நடந்தாள். காயத்தைக் கீறிச் சீழை எடுத்துக் குப்பியில் பிடித்துச் சோதனைக்கு அனுப்பினாள்.

"முதல்ல கொடுத்த மாத்திரை எல்லாம் முடிச்சீங்களா?"

"முடிச்சாச்சு" என்றார் வீட்டுக்காரர், பள்ளிக்கூடப் பிள்ளை போல.

புழுக்காரி புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டு நின்றாள். புருஷன் ஒன்று சொல்லி, அதை எல்லார் முன்னாலும் இல்லை என்று சொல்ல அவளுக்கு வரவில்லை.

ஊசி போட்டார்கள். காய்ச்சல் இறங்கவில்லை. ஊசியை மாற்றினார்கள். காய்ச்சல் கொஞ்சம் இறங்குவது போல் போக்குக் காட்டிவிட்டு மறுபடி ஏறியது. சிவப்பு, முழங்காலைத் தாண்டித் தொடையில் கோடு போட ஆரம்பித்தது. அவள் கட்டிலுக்கும் குழாயடிக்கும் நடந்துகொண்டிருந்தாள். கஞ்சி வாங்கி வந்து ஊட்டினாள். அவர் இரண்டு வாய் வாங்கிவிட்டு, "புழு தின்னுதான்னு போன் போட்டுக் கேளு" என்றார்.

சோதனை முடிவு வந்த அன்று டாக்டரம்மா வழக்கம்போல் நடந்து போகவில்லை. கட்டிலோரம் நின்றாள்.

"இவர் இதுக்கு முன்னாடி எந்த ஆஸ்பத்திரில இருந்தார்? எத்தனை நாள்?"

"எங்கயும் இருந்ததில்ல டாக்டரம்மா. இவருக்குத் தலைவலி வந்தே நான் பாத்ததில்ல."

"அப்படி இருக்க முடியாதும்மா. லேப்ல வழக்கமா போடற மருந்து எல்லாம் போட்டுப் பாத்துட்டாங்க. எதுக்கும் இந்தக் கிருமி அசைய மாட்டேங்குது. பெரிய வார்டுல வருஷக்கணக்கா மருந்து பாத்துப் பாத்துப் பழகின கிருமிதான் இப்படி இருக்கும். தோட்டத்துல வேலை பாக்கற மனுஷன் கால்ல எப்படி வந்துச்சு?"

வீட்டுக்காரர் காய்ச்சலில் கண்ணை மூடியிருந்தார். புழுக்காரி அவரை ஒரு தரம் பார்த்தாள். பிறகு சொன்னாள்.

"அந்த மாத்திரை எல்லாம் எங்க வீட்டுல மனுஷங்க சாப்பிட்டது கம்மி டாக்டரம்மா. புழு சாப்பிட்டதுதான் ஜாஸ்தி."

"எந்தப் புழு?"

"பட்டுப்புழு."

டாக்டரம்மா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அன்றைக்கு அவள் உட்கார்ந்தது அப்போதுதான் முதல் தடவையாக இருக்கும்.

புழுக்காரி எல்லாவற்றையும் சொன்னாள். டப்பா, தொட்டி, தெளிக்கிற தண்ணீர், மிச்சத் தண்ணீரைச் சாக்கடையில் கொட்டுவது, புழுவின் கழிவை அள்ளி மல்பெரித் தோட்டத்துக்கே உரமாகப் போடுவது, தோட்டத்தில் வெட்டுப்பட்ட காலை அதே தொட்டியில் கழுவியது. சொல்லச் சொல்ல அவளுக்கே அது வேறு யாரோ வீட்டுக் கதை போல இருந்தது.

"மருந்து போட்டதும் கிருமி எல்லாம் ஒண்ணா சாகாதும்மா" என்றாள் டாக்டரம்மா. "நோஞ்சான் முதல்ல சாகும். கெட்டியானது கடைசில சாகும். நீங்க பாதியில நிறுத்தினா, இல்ல, கொஞ்சூண்டு கரைச்சுத் தெளிச்சா, கெட்டியானது மட்டும் தப்பிச்சுக்கும். அப்புறம் அதுதான் பெருகும். பொறக்கறது எல்லாம் அதே மாதிரி கெட்டி."

"கொசுவத்தி மாதிரியா?"

"எப்படிச் சொல்றீங்க?"

"முன்ன ஒரு சுருள் கொளுத்தினா வீட்டுல ஒரு கொசு இருக்காது. இப்போ அது மேலயே உக்காந்து குளிர் காயுது."

டாக்டரம்மாவுக்கு லேசாகச் சிரிப்பு வந்தது. "அதேதான்."

"அப்போ நாங்கதான் வளத்துவிட்டிருக்கோம்."

"நீங்க மட்டும் இல்ல. கோழிக்குப் போடறாங்க, மீனுக்குப் போடறாங்க. இங்கயே சும்மா சளின்னு வரவங்களுக்கு எழுதிக் கொடுக்கறவங்க இருக்காங்க. நானே கொடுத்திருக்கேன், கேட்டு அடம் பிடிச்சா. உங்களை உக்கார வெச்சுத் திட்ட எனக்கு யோக்கியதை இல்ல." அவள் எழுந்தாள். "ஒரு மருந்து மிச்சம் இருக்கு. கிட்னியைக் கெடுக்கும். அதனால அளந்து அளந்துதான் போடணும். அது கேட்டா கால் தங்கும். கேக்கலன்னா முட்டிக்கு மேல எடுக்க வேண்டி வரும்."

"அதுக்கு மேல வேற மருந்து?"

"அதுக்கு மேல எங்கிட்ட இல்லம்மா."

அன்று சாயங்காலமே புது மருந்து ஏற ஆரம்பித்தது. சின்னக் குப்பி. உள்ளே வெள்ளைப் பொடி. சிஸ்டர் அதில் தண்ணீர் விட்டுக் குலுக்கி, பாதியை மட்டும் உறிஞ்சிப் பாட்டிலில் ஏற்றிவிட்டு, மீதியோடு குப்பியைத் தட்டில் வைப்பாள். பிறகு தட்டோடு போய்ச் சிவப்பு வாளியில் போட்டுவிடுவாள். வீட்டுக்காரர் கண்ணைப் பாதி திறந்து அதைப் பார்த்துக்கொண்டே இருப்பார்.

அடுத்தடுத்த நாட்களில் காய்ச்சல் கொஞ்சம் அடங்கியது. போகவில்லை. டாக்டரம்மா காலைப் பார்ப்பாள், "பாக்கலாம்" என்பாள். புழுக்காரிக்கு அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு ஒரு நாளை ஓட்ட வேண்டியிருந்தது. அந்த நேரத்தில்தான் நாத்தனார் போன் செய்தாள்.

"அண்ணி, வடக்கு வரிசையில புழு எல்லாம் சாயுது. பொறுக்கிப் பொறுக்கி எடுக்கறேன், தீர மாட்டேங்குது. இலை மேல ஏற மாட்டேங்குது. வாடை அடிக்குது அண்ணி."

வீட்டுக்காரருக்குப் பக்கத்திலேயே கேட்டது. போனை வைத்ததும், "கிட்ட வா" என்றார். தலையணைக்கு அடியில் கையை விட்டு ஒரு கைக்குட்டை முடிச்சை எடுத்தார். கண்ணாடி உரசுகிற சத்தம் கேட்டது.

"என்னது இது?"

"பாதி பாதியா தூக்கிப் போடறாங்க. மனசு கேக்கல. சிஸ்டர் திரும்பற நேரம் பாத்துத் தட்டுலேர்ந்து எடுத்து வெச்சேன்."

"யாரும் பாக்கலையா?"

"பக்கத்துக் கட்டில் பெரியவர் பாத்துட்டார். என்ன தம்பி திருடறீங்கன்னார். மருந்துன்னேன். எனக்கும் ஒண்ணு எடுன்னார்."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. "டாக்டரம்மா சொன்னதைச் சொன்னேன்ல உங்ககிட்ட?"

"சொன்ன. அரைகுறையா கொடுத்தாத்தான் கெடுதல்னு. நம்ம மாத்திரை பழசு, சின்ன மருந்து. இது பெரிய மருந்து. ஒரே போடு. இன்னைக்குப் போய்த் தெளிச்சுட்டு நாளைக்கு வந்துடு." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "இந்தத் தடவை கூடு வரலன்னா, அடுத்த முட்டை வாங்கற வரைக்கும் கொட்டகை சும்மா கிடக்கும். நானும் இப்படிக் கிடக்கறேன். அதை வேற நான் பாக்கணுமா?"

அவள் கைக்குட்டையை வாங்கிக்கொண்டாள். அவர் நீட்டி அவள் வாங்காமல் இருந்ததில்லை.

பஸ்ஸில் மடியில் வைத்திருந்தாள். பள்ளத்தில் பஸ் குலுங்கும்போதெல்லாம் குப்பிகள் கிணுகிணுத்தன. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண், "வளையலா?" என்று கேட்டாள். "ஆமா" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். விளக்கிச் சொல்ல உடம்பில் தெம்பில்லை.

கொட்டகைக் கதவைத் திறந்ததும் வாடை முகத்தில் அடித்தது. வடக்கு வரிசைத் தட்டுகளில் போட்ட இலை போட்டபடி கிடந்தது. இலைக்கு நடுவே புழுக்கள் கயிற்றுத் துண்டு போலக் கிடந்தன. சத்தமே இல்லை. நாத்தனார் சுண்ணாம்புச் சட்டிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். தலைமுடியெல்லாம் சுண்ணாம்பு.

"நான் ஒண்ணும் தப்புப் பண்ணல அண்ணி. ஈர இலை போடல. வாடினது போடல."

"உன்னை யாரு என்ன சொன்னா? எழுந்து முகத்தைக் கழுவு."

"அண்ணன் போன்ல சொல்லுச்சு, பெரிய மருந்து கொடுத்து அனுப்பியிருக்கேன்னு."

அதற்குள் பக்கத்துக் கொட்டகையிலிருந்து ரேடியோ வந்துவிட்டாள். அடுத்த வீட்டுக்காரி. ஆரம்பித்தால் நிறுத்தாமல் பேசுவதால் அந்தப் பெயர். அன்றைக்கு ரேடியோவும் குரலைக் குறைத்துத்தான் பேசினாள்.

"அவருக்கு எப்படி இருக்கு?"

"பாக்கலாம்னு சொல்றாங்க அக்கா."

"என் கொட்டகையிலயும் படுத்துடுச்சுடி. டப்பாவுல இருந்த மாத்திரை மொத்தத்தையும் கலக்கித் தெளிச்சேன். என் மருமக பிரசவத்துக்குக் கொடுத்தது, மாமனாரோடது, எல்லாம். பச்சத் தண்ணி தெளிச்ச மாதிரி இருக்கு. ஒரு புழு நிமிரல. நீ என்னமோ கொண்டு வந்திருக்கியாமே, எனக்கும் ஒரு மூடி கொடு."

புழுக்காரி கைக்குட்டையைப் பிரித்தாள். குப்பிகளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். அடியில் தெளிவாகத் தண்ணீர் போல நின்றது. ஒரு குடம் தண்ணீரில் கலக்கினால் வடக்கு வரிசை முழுவதும் தெளிக்கலாம். ஒருவேளை புழு நிமிரும். ஒருவேளை கூடு கட்டும்.

அவள் தொட்டியைப் பார்த்தாள். அதில்தான் அவர் காலைக் கழுவினார். அந்தக் கால் இன்னும் மூடவில்லை. நல்லபடியாக முடிந்தால் அந்தத் திறந்த காலோடுதான் வீட்டுக்கு வருவார். வந்ததும் எங்கே போவார்? கொட்டகைக்குத்தான் வருவார். சொன்னாலும் கேட்க மாட்டார்.

"இல்ல அக்கா. இதைப் போட மாட்டேன்."

"போட மாட்டியா? அப்போ எதுக்குடி சுமந்துட்டு வந்த?"

"அவர் கொடுத்தார். வாங்கிட்டு வந்தேன்."

"அவர் கொடுத்தது போடறதுக்குத்தானே?"

"இது ஒண்ணுதான் அக்கா மிச்சம் இருக்கு. இதுதான் அவர் காலைப் பிடிச்சு வெச்சிருக்கு. இதையும் இந்தத் தொட்டில கலக்கி, இங்க இருக்கற கிருமிக்குப் பழக்கிவிட்டா, நாளைக்கு அவருக்கோ உன் மருமகளுக்கோ எதைப் போடுவாங்க?"

"நீ சொல்றது நியாயமாவே இருக்கட்டும். நியாயத்தைக் கேட்டுப் புழு கூடு கட்டுமா?"

"கட்டாது."

"நீ ஒருத்தி போடாம விட்டா உலகம் சரியாயிடுமா?"

"ஆகாது."

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணும் இல்ல அக்கா. எனக்குத் தூக்கம் வருது."

ரேடியோ கொஞ்ச நேரம் அவளையே பார்த்தாள். பிறகு எதுவும் சொல்லாமல் போய்விட்டாள். அவள் பேசாமல் போனதை அந்தத் தெரு அதற்கு முன் பார்த்ததில்லை.

குப்பிகளைக் காலி செய்துவிடலாம் என்று புழுக்காரி வாசலுக்கு வந்தாள். சாக்கடையோரம் போய் நின்றாள். சாக்கடை நேராகக் குட்டைக்குப் போகிறது. தோட்டத்துக்கு எல்லோரும் தண்ணீர் இறைப்பது அந்தக் குட்டையில்தான். முன்பெல்லாம் குட்டையைச் சுற்றிக் கோரை ஆளுயரம் நிற்கும். தவளை கத்தும். சாக்கடை கறுப்பாகப் போய்க் கோரைக்குள் நுழைந்தால், மறுபக்கம் முகம் பார்க்கலாம் போலத் தெளிந்துவிடும். மல்பெரிக்கு இடம் வேண்டுமென்று ஆளுக்குக் கொஞ்சமாகக் கோரையை வெட்டி எடுத்தார்கள். அவளும் ஒரு மூலையை வெட்டியிருக்கிறாள். இப்போது போகிற தண்ணீர் போகிறபடியே குட்டைக்குள் இறங்குகிறது, போகிறபடியே தோட்டத்துக்குத் திரும்பி வருகிறது. தெருவில் கொட்டுவது எல்லாம் ஒரு சுற்றுச் சுற்றித் தெருவுக்கே வந்து சேருகிறது.

மண்ணில் கொட்டலாமா? மண்ணிலும் இலைதான் முளைக்கிறது. கையகலக் குப்பியின் அடியில் நிற்கிற தண்ணீரைக் கொட்ட அவளுக்கு ஊரில் ஓர் இடம் கிடைக்கவில்லை. மூடியை இறுக்கி மறுபடி கைக்குட்டையில் முடிந்து ஆணியில் மாட்டினாள். உத்தரத்து டப்பாவையும் இறக்கித் திறந்து பார்த்தாள். அடியில் கொஞ்சம் உதிர்ந்த பொடியும் இரண்டு காப்ஸ்யூலும் கிடந்தன. அதையும் பக்கத்தில் வைத்தாள்.

பிறகு இரண்டு பெண்களுமாகக் கொல்லைக் கோடியில் குழி வெட்டினார்கள். வடக்கு வரிசைத் தட்டுகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் போய்க் கவிழ்த்தார்கள். மேலே சுண்ணாம்பைக் கொட்டினார்கள். நாத்தனார் அழுதுகொண்டே மண்ணைத் தள்ளினாள். சில புழுக்கள் இன்னும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தன. புழுக்காரி அழவில்லை. கல்யாணமாகி வந்தபோது இவற்றைப் பார்த்துக் குமட்டியது அவளுக்கு ஞாபகம் வந்தது. அந்தக் குமட்டல் இப்போது வந்தால்கூடத் தேவலை போலிருந்தது.

"அண்ணி, தெற்கு வரிசை?"

தெற்கு வரிசையில் இருந்ததே இரண்டு தட்டுகள்தான். அவற்றிலும் நடுநடுவே சாய்ந்தவை கிடந்தன. அவற்றைப் பொறுக்கிவிட்டாள். மற்றவை இலை ஓரத்தைப் பிடித்து மேலிருந்து கீழாகக் கத்தரித்துக்கொண்டிருந்தன. பக்கத்திலேயே கிடந்து, அதே இலையைத் தின்று, சாகாமல் இருக்கின்றன. ஏன் என்று யாருக்குத் தெரியும்.

"இதுக்கும் ஒண்ணும் தெளிக்க வேண்டாமா?"

"வேண்டாம். தொட்டியைச் சுண்ணாம்பு போட்டுத் தேய்ச்சுடு. இலை மட்டும் போடு. தின்னா தின்னட்டும்."

மறுநாள் அவள் வார்டுக்குள் நுழைந்தபோது சிஸ்டர் டிரஸ்ஸிங் மாற்றிவிட்டுத் தட்டோடு கிளம்பிக்கொண்டிருந்தாள். புழுக்காரி கைக்குட்டையையும் டப்பாவையும் நீட்டினாள்.

"என்னம்மா இது?"

"இங்கேர்ந்து போனது. அந்தச் சிவப்பு வாளியில போட்டுடுங்க."

சிஸ்டர் முடிச்சைப் பிரித்துப் பார்த்தாள். புருவம் ஏறியது. "இதை எடுத்துட்டுப் போய் என்ன பண்ணீங்க?"

"பஸ்ஸுல கூட்டிட்டுப் போய், ஊரைச் சுத்திக் காட்டிட்டு, கூட்டிட்டு வந்தேன்."

பக்கத்துக் கட்டில் பெரியவர் இருமினார். சிரித்தாரா இருமினாரா என்று தெரியவில்லை. சிஸ்டர் வாளியின் மூடியைக் காலால் மிதித்துத் திறந்தாள். குப்பிகள் விழுகிற சத்தம் ஒவ்வொன்றாகக் கேட்டது. டப்பா விழுந்தபோது பெரிதாகக் கேட்டது. வீட்டுக்காரர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

"போடலையா?" என்றார், சிஸ்டர் போன பிறகு.

"போடல."

"வடக்கு வரிசை?"

"புதைச்சாச்சு."

அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். முதுகு மட்டும் தெரிந்தது. அவள் கஞ்சிப் பாத்திரத்தைத் திறந்து வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள். திட்டட்டும் என்று காத்திருந்தாள். திட்டினால் வாங்கிக்கொள்ளலாம். வெளியே வராண்டாவில் யாரோ வாளியைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போனார்கள். கஞ்சி ஆறி, மேலே ஏடு படர்ந்தது.

"மிச்சம் ஏதாவது நிக்குதா?" சுவரைப் பார்த்தபடியே கேட்டார்.

"தெற்கால ரெண்டு தட்டு."

"எதைத் தெளிச்ச?"

"எதையும் தெளிக்கல."

"சும்மாவே தின்னுதா?"

"சும்மாவே தின்னுது."

"சத்தம் கேக்குதா?"

"காதைக் கிட்ட வெச்சா கேக்குது."

அவர் மெதுவாக இந்தப் பக்கம் திரும்பினார். "அப்போ இங்க எதுக்கு உக்காந்திருக்க? இலை போடற நேரமாச்சு. கிளம்பு."

"உங்க தங்கச்சி போடுவா."

"அவ கையில இலை சமமா விழாதுடி."

"விழற மாதிரி விழட்டும்."

அவள் கிளம்பவில்லை. ஸ்டூலைக் கட்டிலின் கால்மாட்டுக்கு நகர்த்திக்கொண்டாள். யாரும் பார்க்கவில்லை என்று நிச்சயம் செய்துகொண்டு, குனிந்து, புதுக்கட்டின் மேல் மூக்கை வைத்து மோந்தாள். ஒரு தரம் மோந்தது போதவில்லை. மறுபடி மோந்தாள்.

"என்ன?" என்றார் அவர்.

"மருந்து வாசனைதான் வருது."

சொல்லிவிட்டு, அவர் காலுக்குப் பக்கத்தில் மெத்தையில் தலையைச் சாய்த்தாள். கஞ்சி குடிங்க என்று சொல்ல வாயெடுத்தாள். சொல்வதற்குள் தூங்கிப்போனாள்.